ஸ்போர்ட்ல போட்டா உதறுது, அர்பன்ல போட்டா பசங்க சிரிக்கிறாங்க

கேள்வி: அண்ணா வணக்கம், நான் 2021 மாடல் அப்பாச்சி ஆர்ஆர் 310 செகண்ட்ஸ்ல எடுத்து ரெண்டு மாசம் ஆகுது. சேலத்துல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா ஏற்காடு ஏறிடுவேன். வண்டியில ஸ்போர்ட், டிராக், அர்பன், ரெயின்னு நாலு மோட் இருக்கு. ஸ்போர்ட் மோட்ல வச்சா கொண்டை ஊசி வளைவுல திராட்டில மூடி மறுபடி திறக்குறப்போ வண்டி ஒரு உதறு உதறுது, பின்னாடி தங்கச்சி உக்காந்திருந்தா அவ ஹெல்மெட் வந்து என் ஹெல்மெட்ல முட்டுது. அர்பன்ல வச்சா சுகமா போகுது, ஆனா கூட வர்ற பசங்க "34 பிஎஸ் வண்டிய வாங்கிட்டு 25ல ஓட்டுறியே"ன்னு சிரிக்கிறாங்க. எப்பவும் அர்பன்லயே ஓட்டுனா இன்ஜின் அடைச்சிக்கும்னும் ஒருத்தன் சொல்றான். எதுல ஓட்டுறது?
- வாசகர், சேலம்

பதில்: தம்பி, மலை ஏறுறப்போ அர்பன்லயே ஓட்டுங்க, தங்கச்சி பின்னாடி இருந்தா கண்டிப்பா அர்பன்தான். இன்ஜின் அடைச்சிக்கும்ங்கிறது சும்மா கதை, அத விட்ருங்க.

பசங்க சொல்ற கணக்கு தப்பில்ல. உங்க மாடல்ல ஸ்போர்ட்லயும் டிராக்லயும் 34 பிஎஸ் (குதிரைத்திறன், இன்ஜினோட சக்தி), அர்பன்லயும் ரெயின்லயும் 25.8 பிஎஸ். ஆனா அந்த 34 எங்க வருதுன்னு பாருங்க, 9700 ஆர்பிஎம்ல (இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) வருது. ஏற்காட்டுல இருக்கிற 20 கொண்டை ஊசியில எந்த வளைவுல நீங்க 9700 தொடுறீங்க? வளைவ விட்டு வெளிய வர்றப்போ ஆர்பிஎம் 4000, 5000ல நிக்கும், அங்க வேலை செய்யறது டார்க், அதாவது முறுக்கு விசை, அத என்எம்ல அளப்பாங்க. ஸ்போர்ட்ல 27.3 என்எம் 7700 ஆர்பிஎம்ல கிடைக்குது, அர்பன்ல 25 என்எம் 6700லயே வந்துடுது, அதாவது ஆயிரம் ஆர்பிஎம் முன்னாடியே. மலையில நீங்க இழக்கிறது ரொம்ப கொஞ்சம்.

இப்ப உதறலுக்கு வருவோம், ஏன்னா நிறைய பேர் இத மோட் மேல போட்டுட்டு உண்மையான காரணத்த பாக்காம விட்டுடறாங்க. பழைய வண்டியில கைய திருகுனா கேபிள் நேரா கார்புரேட்டர இழுக்கும், கை எவ்ளோ திருகுதோ அவ்ளோ திறக்கும். உங்க வண்டியில கேபிளே இல்ல, கைப்பிடியில இருக்கிற சென்சார் "இவ்ளோ திருகியிருக்கான்"னு ஈசியூவுக்கு (இன்ஜின பாத்துக்கிற குட்டி கம்ப்யூட்டர்) சொல்லும், ஈசியூ ஒரு குட்டி மோட்டார வச்சு இன்ஜினுக்கு காத்து போற கதவ திறக்கும். நீங்க கால்வாசி திருகுனா அந்த கதவு எவ்ளோ திறக்கணும்ங்கிற கணக்குதான் மோட். ஸ்போர்ட்ல கொஞ்சம் திருகுனாலே நிறைய திறக்கும், அர்பன்ல மெதுவா திறக்கும். (யமஹா 2006 ஆர்6லயே இந்த கேபிள் இல்லாத திராட்டில் வந்துடுச்சு, அடுத்த வருஷம் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000ல ஏ, பி, சின்னு மூணு மோட் கொடுத்தாங்க. அப்போ 1000 சிசிக்காரங்க மட்டும் பேசுன விஷயம் இன்னைக்கு ஓசூர்ல செய்யற 312 சிசி வண்டியில இருக்குங்கிறது எனக்கு நிஜமாவே சந்தோஷம்.)

ஆனா திராட்டில முழுசா மூடுனா எந்த மோடா இருந்தாலும் ஈசியூ பெட்ரோல நிறுத்திடும், வண்டி இன்ஜின் பிரேக்ல இழுபடும். அந்த நேரம் செயினோட கீழ் பக்கம் விறைப்பா இருக்கும், மேல் பக்கம் தொளதொளன்னு கிடக்கும். நீங்க திரும்ப திறந்ததும் பெட்ரோல் வருது, சிலிண்டர் ஒண்ணுதான்ங்கிறதால மொத வெடிப்பே பெருசா தெரியும், தொங்கிட்டிருந்த செயின் படக்குனு விறைக்குது. அதுதான் அந்த உதறு. ஸ்போர்ட் அத பெருசாக்கி காட்டுது, அவ்ளோதான், அதுவா உண்டாக்கல.

அதனால மொதல்ல செயின பாருங்க. கீழ் செயினோட நடுவுல விரல வச்சு மேலயும் கீழயும் அசைச்சு எவ்ளோ ஆடுதுன்னு அளங்க, சக்கரத்த கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நாலஞ்சு இடத்துல அளங்க, ஏன்னா தேஞ்ச செயின் ஒரு இடத்துல டைட்டாவும் இன்னொரு இடத்துல லூசாவும் இருக்கும். அளவு மேனுவல்ல போட்டிருக்கும். அடுத்து பின் ஸ்ப்ராக்கெட்ட (செயின் ஓடுற பல்சக்கரம்) ரெண்டு கையால பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, கடகடன்னு ஆடுனா ஹப்புக்குள்ள (சக்கரத்தோட நடுப்பகுதி) இருக்கிற ரப்பர் போயிடுச்சு, மாத்திடுங்க, செகண்ட்ஸ் வண்டியில இத யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. நானே முன்னாடி ஒரு வண்டியில உதறல் தாங்காம ஈசியூல இருக்கிற கணக்க (மேப்) மாத்துறேன்னு ஒரு கடையில காச கொட்டிட்டு வந்தேன், கடைசியில அந்த ரப்பர மாத்துனதும் பாதி சரியாச்சு. இன்னைக்கும் அந்த காச நெனச்சா வயிறு எரியுது.

அப்புறம் கை. வளைவுக்குள்ள திராட்டில முழுசா மூடாதீங்க, ஒரு நூல் அளவு திறந்தே வச்சுக்கிட்டு வேகத்த பின் பிரேக்ல லேசா பிடிங்க, செயின் எப்பவும் ஒரே பக்கம் விறைப்பா நிக்கும். ஃபர்ஸ்ட் கியர்ல போனா உதறல் இன்னும் கூடும், செகண்ட்ல போக முடிஞ்சா செகண்ட்ல போங்க, ஆனா இன்ஜின் முக்குற அளவுக்கு இறக்க வேணாம். இதெல்லாம் பண்ணிட்டு தனியா போறப்போ ஒருநாள் ஸ்போர்ட்ல ஏறிப் பாருங்க, கை பழகியிருந்தா அது வேற வண்டி மாதிரி இருக்கும், தெளிவான பைபாஸ்ல ஓவர்டேக் பண்றதுக்கும் ஸ்போர்ட்தான் சரி. மோட மாத்துறத மட்டும் நேர் ரோட்டுல திராட்டில மூடிட்டு மாத்துங்க, வளைவுக்குள்ள கண்ண டிஸ்ப்ளேல வைக்காதீங்க தம்பி.

கேள்வி: ஹிமாலயன் 450 வச்சிருக்கேன் சார். ஈகோ மோட்ல போட்டா மைலேஜ் எவ்ளோ கூடும்? பெர்ஃபார்மன்ஸ்ல போட்டா ஆஃபீஸ் போற டிராஃபிக்ல துள்ளுது.
- வாசகர், மதுரை

பதில்: ரோட்டுல ஒரே வேகத்துல ஒரே கியர்ல போனீங்கன்னா பெருசா ஒண்ணும் கூடாது சார். 80ல போறதுக்கு காத்த கிழிக்க எவ்ளோ சக்தி வேணுமோ அத இன்ஜின் கொடுத்துதான் ஆகணும், ஈகோல கைய கொஞ்சம் கூட திருகுவீங்க, உள்ள கதவு கிட்டத்தட்ட அதே அளவுதான் திறந்திருக்கும். டிராஃபிக்ல கதை வேற, குழியில விழுந்து எழறப்போ கை தானா ஆடும், அந்த ஆட்டத்த ஈகோ விழுங்கிடும், தேவையில்லாம திறந்து மூடி பெட்ரோல் வீணாகாது. சந்தேகம் இருந்தா ஒரே பங்க்ல ஃபுல் டேங்க் போட்டு ஒரு வாரம் ஈகோ, மறு வாரம் பெர்ஃபார்மன்ஸ்னு அதே ரூட்ல ஓட்டி கணக்கு எழுதுங்க, மீட்டர் காட்டுறத நம்பாதீங்க. ஜல்லி ரோட்டுலயும் ஈகோ நல்லா இருக்கும். மணல்ல மட்டும் பெர்ஃபார்மன்ஸ் போடுங்க, அங்க உடனே இழுக்கலன்னா முன் சக்கரம் புதைஞ்சிடும்.

கேள்வி: ரெயின் மோட் போட்டா மழையில வழுக்காதுன்னு நம்பலாமா?
- வாசகி, கோவை

பதில்: வேணாம்மா, நம்பாதீங்க. ரெயின் மோட் உங்க கை பண்ற தப்ப மெதுவாக்கும், சில வண்டியில ஏபிஎஸ் (பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிறது) சீக்கிரமா வேலை செய்யும், டிராக்ஷன் கண்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கி சுத்தாம பாத்துக்கிறது) இருந்தா அதுவும் சீக்கிரமா குறுக்க வரும். ரோட்ட பிடிக்கிறது டயர்தான். மழை ஆரம்பிச்ச மொத பத்து நிமிஷம் ரோட்டுல இருக்கிற ஆயில் தண்ணியோட சேந்து மேல வரும், வெள்ளை கோடு மேலயும் மேன்ஹோல் மூடி மேலயும் சாஞ்சு போகாதீங்க, அங்க எந்த மோடும் உதவாது. டயர் பக்கவாட்டுல ஒரு நாலு எண் இருக்கும், 2219னு இருந்தா 2019ம் வருஷம் 22வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். டயர் பட்டன் (மேல இருக்கிற வெட்டு) நல்லா இருந்தாலும் பழைய டயர் கல்லு மாதிரி இறுகிப்போயிருக்கும். சேலத்து தம்பி, நீங்களும் இன்னைக்கே போய் அந்த எண்ண பாருங்க, 2021 வண்டியில இன்னும் கம்பெனி டயரே ஓடிட்டு இருந்தா செயினுக்கு முன்னாடி அத மாத்துங்க.