தெய்வத்தோடு சண்டை

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடக்கிறது. "நான் என்ன பாவம் செய்தேன்" என்று பூஜையறையில் அமர்ந்து அழுகிறார். அழுதால் நோய் முற்றும், நம்பிக்கையோடு இருந்தால் குணமாகும் என்று சொல்லித் தடுத்துவருகிறேன். அவருக்குத் தியானம் நல்லதா, பரிகார பூஜை நல்லதா?

ம.

அன்புள்ள ம.,

தியானமா பூஜையா என்பதை அம்மாவே முடிவு செய்துகொள்வார். அவரை அழவிடாமல் தடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அழுதால் நோய் முற்றும் என்று எந்த மருத்துவர் சொன்னார்? நாளை நோய் திரும்பினால், நம்பிக்கை போதவில்லை என்ற பழியையும் அவர் தலையில்தானே ஏற்றுவீர்கள்? முற்பிறவிப் பாவம் என்று பேசும் உறவினருக்கும் உங்களுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், மார்பகப் புற்று பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட பெண்களை வாரந்தோறும் ஒன்றாக அமரவைத்து, மரண பயத்தையும் வாய்விட்டுப் பேசச் செய்தார். அப்பெண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 18 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 1989-இல் எழுதினார். 2001-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்விலோ, 2007-இல் ஸ்பீகலே வெளியிட்ட மறு ஆய்விலோ ஆயுள் கூடவில்லை. ஆனால் கனடாவில் அப்படிப் பேசிய பெண்களுக்கு மனத்துயரும் வலியும் குறைந்திருந்தன. அடக்கிக்கொண்டதால் அல்ல, கொட்டித் தீர்த்ததால்.

என் சித்தி, கீமோவில் முடி உதிரத் தொடங்கியதுமே சமயபுரம் சென்று மொட்டை போட்டுக்கொண்டார். "அதுவா கொட்டுறதுக்குள்ள நானே குடுத்துட்டேன்" என்றார். பிறகு மாரியம்மன் முன் நின்று அவர் திட்டிய திட்டை இங்கே எழுத இயலாது. சித்தப்பா அபசாரம் என்று பதற, பூசாரி எதுவும் காதில் விழாதவர் போலக் குங்குமத்தை நீட்டினார். அன்றிரவு சித்தி நன்றாகத் தூங்கினார்.

சூலை நோயில் துடித்த அப்பரும் திருவதிகையில், நான் செய்த கொடுமை எதையும் அறியேனே, இதை ஏன் விலக்கவில்லை என்றுதான் இறைவனிடம் முறையிட்டார். குடலை முடக்கும் வலியைக் கூசாமல் பாடினார். அவர் கேட்டால் தேவாரம், உங்கள் அம்மா கேட்டால் அவநம்பிக்கையா?

பரிகாரத்துக்குக் கோயில் செல்வதானால், கீமோவுக்குப் பின், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்துக்குள் அழைத்துச் செல்லாதீர்கள். தேதியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.