மஞ்சூர் மேகமும் வீராணம் மதகும்

கேள்வி: நீலகிரியில் மஞ்சூர் பக்கம் என் மச்சானுக்கு மூன்று ஏக்கர் தேயிலை. வீட்டோடு இரண்டு அறை சேர்த்துக் கட்டப் போனால், காட்டைச் சுற்றிய காப்பு வளையமாம், "பஃபர் ஏரியா, முடியாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். தவளைக்கும் பாசிக்கும் இருக்கிற மதிப்பு மனுஷனுக்கு இல்லையா? எங்கோ மேகம் மோதுகிற காட்டால் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு என்ன லாபம்? இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதை எப்போது நிறுத்துவீர்கள்?
– ஒரு வாசகர், காட்டுமன்னார்கோவில்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நிறுத்தப் போவதில்லை. வீராணத்துக் கரையில் இருப்பவரே "எனக்கென்ன" என்று கேட்கும்போது எப்படி நிறுத்துவது?

வீராணம் பாசனத்தில் ஏறக்குறைய 45,000 ஏக்கர் இருக்கிறது. அந்த ஏரிக்குத் தண்ணீர் வடவாற்றில் வருகிறது, வடவாற்றுக்குக் கீழணையிலிருந்து, கீழணைக்குக் கொள்ளிடத்திலிருந்து. இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதற்கு மேலே போய்ப் பாருங்கள். உங்கள் மச்சான் ஊரைச் சுற்றியுள்ள குந்தா, அவலாஞ்சி மலைகளில் ஊறுகிற தண்ணீர் பவானி ஆற்றில் இறங்குகிறது. பவானி, மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. ஆனைமலை, பழனி மலைகளின் உயரத்தில் இருக்கும் ஈரக்காடுகளான சோலைகளின் தண்ணீரை அமராவதி கரூர் பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது. பெரும்பங்கு மேட்டூர்த் தண்ணீர்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைமடைக்காரருக்கு எந்தத் துணையாறும் சின்னதில்லை. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனி, ஆடியில் இங்கே வெயில் காயும்போது மழை பெய்வது அந்த மலைகளில்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. அந்த மழையைக் கொஞ்சமாவது பிடித்துவைத்து, மாதக்கணக்கில் ஓடையில் விடுவதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும்.

அதைத்தான் சோலையும் புல்வெளியும் செய்கின்றன. சோலை மரங்கள் பெரிய உயரம் போவதில்லை. கிளைகள் முறுக்கிக்கொண்டு, பட்டையே தெரியாத அளவுக்குப் பாசி போர்த்தியிருக்கும், அதன் மேல் பெரணியும் ஆர்க்கிட்டும். மழையே பெய்யாத நாளிலும் மேகம் உள்ளே புகுந்தால் இலை நுனியிலும் பாசியிலும் நீர் கோத்துச் சொட்டும். கீழே மக்கிய இலைகளும் கரிய மண்ணும் அதைக் குடித்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட தவளையும் அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள புதர்த்தவளைகள் குளத்தில் முட்டையிடுவதில்லை. ஈர இலையிலோ மண்ணிலோ இடுகின்றன. தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே அவற்றுக்குக் கிடையாது, முட்டைக்குள்ளேயே முழுதாக வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வருகின்றன. காற்றும் தரையும் ஈரமாக இருந்தால்தான் அந்த முட்டை பிழைக்கும். ஒரு சோலையில் அந்தத் தவளையின் சத்தம் நின்றுபோனால், அங்கே ஈரம் குறைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படிக் குறைந்தால் நஷ்டம் தவளைக்கு மட்டுமல்ல, உங்கள் வாய்க்காலுக்கும்தான்.

சரி, காட்டைக் காக்கட்டும், சுற்றி ஏன் பஃபர்? சோலைகள் பரந்த காடுகள் அல்ல. மலை மடிப்புகளில் ஒதுங்கிய துண்டுகள், சுற்றிலும் புல்வெளி. சோலைக் கன்றுகள் வெட்டவெளியில் உறைபனியில் கருகிவிடும். அதனால் ஒரு சோலையின் ஓரம் ஒருமுறை அழிந்தால் திரும்ப வருவது பெரும்பாடு. ஓரத்தில் ரோடு வெட்டினாலும் தீ வைத்தாலும் வறண்ட காற்று உள்ளே புகுந்துவிடும். புல்வெளியின் கதை இன்னும் மோசம். விறகுக்கும் தோல் பதனிடவும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சீகை மரத்தை, சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டது. இன்று அது நடாத இடத்திலும் தானே பரவுகிறது. சென்ற நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள் சொல்வது, சோலையைவிட வேகமாகக் காணாமல் போனது புல்வெளி என்பதுதான். வரையாட்டுக்கு மேய்ச்சல் அந்தப் புல். 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அங்கேதான்.

பஃபர் என்றால் மனுஷனை வெளியேற்றுவது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1986-ல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 5,520 சதுர கிலோமீட்டர். அதில் மையப் பகுதி சுமார் 1,240. மீதி முக்கால் பங்குக்கும் மேல் பஃபர்தான். ஊர், தோட்டம், ஆடு மாடு எல்லாம் அதில் உண்டு. இருக்க வேண்டும் என்றுதான் அப்படி வகுத்தார்கள். சரணாலயங்களைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் வேறு ஏற்பாடு. அங்கேயும் தடை முக்கியமாகச் சுரங்கத்துக்கும் குவாரிக்கும் மாசு கக்கும் ஆலைக்கும்தான், உழவுக்கு அல்ல. 2022 ஜூன் 3-ல் உச்ச நீதிமன்றம், சரணாலய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நிரந்தரக் கட்டடமே கூடாது என்றது உண்மை. ஏழை எளியவர்கள் பதறியதும் நியாயம். ஆனால் 2023 ஏப்ரல் 26-ல் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்திவிட்டது. பழைய உத்தரவைக் காட்டி இன்றும் யாரையாவது அலையவிட்டால், அந்தக் கோபம் அப்படி அலையவிடும் அதிகாரி மேல் போகட்டும், காட்டின் மேல் வேண்டாம்.

உங்கள் கோபத்தில் ஒரு பாதியில் நானும் இருக்கிறேன். இரண்டு அறைக்காரர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார், சரிவை வெட்டி நாற்பது அறை விடுதி எழுகிறது. மலையில் இதைப் பார்க்காதவர் இல்லை. அதற்குப் பரிகாரம் விடுதியைத் தடுப்பது. எல்லாருக்கும் திறந்துவிட்டால் முதலில் நுழைவது உங்கள் மச்சானா, விடுதிக்காரரா என்று நீங்களே யோசியுங்கள். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். சரிந்த மண்ணுக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு அறைக்காரர்கள்.

கடலோரத்துக்கும் மலைக்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளை வரைபடமாக்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இருப்பது நம் பக்கத்துப் புதுச்சேரிக் கடற்கரையில். காப்பு வளையத்தின் அருமையும் நமக்குப் புதிதல்ல. 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவு என்பதை இந்த மாவட்டமே பார்த்தது.

அப்புறம், மச்சான் விஷயம். நீலகிரியில் வீடு கட்டும் கட்டுப்பாடு எல்லாமே பஃபரால் வருவதில்லை. 1990-ல் அமைந்த மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் தனி. சரிவும் மண்சரிவு அபாயமும் அதில் பார்க்கப்படும். எனவே வாய்ச்சொல்லை நம்பி அவர் திரும்ப வேண்டாம். விண்ணப்பத்துக்கு ரசீது வாங்கட்டும். மறுப்பை எழுத்தில் கேட்கட்டும், எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடட்டும். பதில் வந்ததும் நகலை எனக்கு அனுப்புங்கள். காரணம் நியாயமில்லை என்றால் இதே பக்கத்தில் அவருக்காக எழுதுகிறேன்.