லினக்ஸில் வீடியோ காலும் திரைப் பகிர்வும் ஏன் எப்போதும் பிந்தி வருகின்றன?

கேள்வி இது: "விண்டோஸில் வாட்ஸ்அப், டீம்ஸ் எல்லாவற்றிலும் புது வசதி உடனே வந்துவிடுகிறது. என் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ். இதில் பல மாதம் கழித்து வருகிறது, அல்லது வருவதே இல்லை. ஆள் குறைவு என்பதால்தானா?"

ஆள் குறைவு என்பது உண்மைதான். உலகம் முழுக்க மேசைக் கணினி, லேப்டாப் வைத்திருக்கும் 100 பேரை எடுத்தால் லினக்ஸ்காரர்கள் 4, 5 பேர் தேறுவார்கள். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் சில விஷயங்கள் இடிக்கின்றன.

முதலில் ஐபேட். வாட்ஸ்அப் தொடங்கியது 2009-இல். ஐபேடுக்கென்று ஒரு செயலி வந்தது 2025 மே மாதம். ஐபேடை ஆளில்லாத தளம் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்து சிக்னல். வாட்ஸ்அப் மாதிரியே ஒரு செயலி, நடத்துவது லாப நோக்கமில்லாத, சின்ன அமைப்பு. 2020 இறுதியில் கணினிச் செயலியில் அழைப்பு வசதியைக் கொண்டுவந்தபோது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். சில மாதம் கழித்து, 2021 மார்ச்சில், வாட்ஸ்அப் அதே வசதியைக் கணினிக்குக் கொண்டுவந்தது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும். லினக்ஸுக்கு அவர்களிடம் அதிகாரபூர்வச் செயலியே கிடையாது. பணமும் ஆளும் கொட்டிக்கிடக்கும் இடத்தில் நடக்காதது, கையைக் கடித்துக்கொண்டு ஓட்டும் இடத்தில் நடந்திருக்கிறது.

அலுவலகங்களுக்கான ஒரு சாட் மென்பொருளின் டெஸ்டிங் குழுவில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எந்த வசதி தாமதமாகிறது என்று பாருங்கள். செய்திக்கு எமோஜி போடுவது, அனுப்பியதைத் திருத்துவது, வாக்கெடுப்பு வைப்பது, இதெல்லாம் லினக்ஸில் தாமதமாவதே அரிது. சர்வரில் மாற்றினார்கள், சன்னலுக்குள் ஒரு பொத்தானை வரைந்தார்கள், முடிந்தது. தாமதமாவது வேறு வகை: மைக், கேமரா, திரைப் பகிர்வு, வீடியோவில் பின்னணியை மங்கலாக்குவது, எந்தச் சன்னலில் இருந்தாலும் ஒரு விசையை அமுக்கினால் மைக் திறப்பது, மறையாக்கச் சாவியைப் பத்திரமாக வைப்பது. அதாவது செயலி தன் சன்னலைவிட்டு வெளியே வந்து, இயங்குதளத்திடம் கைநீட்டும் இடங்கள். விண்டோஸில் கைநீட்டினால் எதிரே நிற்பது ஒருவர். லினக்ஸில் யார் நிற்கிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதற்குத் திரைப் பகிர்வைவிட நல்ல உதாரணம் கிடையாது. லினக்ஸில் சன்னல்களைத் திரையில் காட்டும் வேலையைப் பார்த்த பழைய எக்ஸ் 11 (சுருக்கமாக எக்ஸ்) முறையில் எந்தச் செயலியும் திரை முழுவதையும் தாராளமாகப் படிக்கலாம், கேள்வி கிடையாது. நீங்கள் பாஸ்வேர்ட் தட்டுவதையும் பக்கத்துச் செயலி பார்க்கலாம். அந்த ஓட்டையை அடைத்தது, எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலாண்ட். ஒரு சன்னல் இன்னொரு சன்னலை எட்டிப் பார்க்க முடியாது. பாதுகாப்புக்கு ரொம்ப நல்லது. ஆனால் திரைப் பகிர்வு என்பதே எட்டிப் பார்ப்பதுதானே? ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகை 2016-இலேயே வேலாண்டை இயல்புநிலையாக்கியது. உபுண்டு 17.10-இல் அதே வழிக்குப் போனது, அடுத்த பதிப்பான 18.04-இல் எக்ஸுக்கே திரும்பிவிட்டது. அப்போது உபுண்டு குழு வெளிப்படையாகச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஹேங்அவுட்ஸ், ஸ்கைப் போன்றவற்றில் திரைப் பகிர்வு எக்ஸில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்பது. வீடியோ கால் வசதி ஒன்றுக்காக ஒரு இயங்குதளமே தன் முடிவைத் தள்ளிப்போட்டது என்றால், சிக்கலின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

அப்புறம், படத்தையும் சத்தத்தையும் செயலிகளுக்குக் கடத்தும் பைப்வயர் வந்தது. செயலி நேராகத் திரையைத் தொடாது. "திரையைக் காட்டட்டுமா?" என்று டெஸ்க்டாப்பிடம் கேட்கும், அது உங்களிடம் ஒரு பெட்டியைக் காட்டும், நீங்கள் சரி என்றால் படம் பைப்வயர் வழியாகப் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் எக்ஸுக்காக எழுதிவைத்த பகுதி முழுவதையும் இதற்காக இன்னொரு முறை எழுத வேண்டும், பழைய எக்ஸ்காரர்களையும் கைவிடக் கூடாது. ஆக, 4 சதவீதம் பேருக்காக ஒரே வசதியை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவை டெஸ்ட் செய்து, இரண்டையும் பராமரிக்க வேண்டும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் லினக்ஸ் பதிப்பில் திரையைப் பகிர்ந்தால் படம் போகும், சத்தம் போகாது என்ற நிலை எத்தனையோ வருடம் நீடித்ததற்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரிக் கணக்குதான் என்பது என் கருத்து.

சத்தத்தின் கதையும் இப்படித்தான். லினக்ஸில் ஒலியைக் கையாள முதலில் ஓஎஸ்எஸ் இருந்தது, அல்சா வந்தது, பல்ஸ்ஆடியோ வந்தது, இப்போது பைப்வயர். 2014-இல் ஸ்கைப் 4.3 வந்தபோது, அல்சாவோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டு பல்ஸ்ஆடியோ கட்டாயம் என்றார்கள். எத்தனை பேர் திட்டித் தீர்த்தார்கள் தெரியுமா. எங்கள் குழுவில் அதிகம் வந்த புகார் புளூடூத் ஹெட்செட் பற்றியது. "பாட்டு அருமையாகக் கேட்கிறது, ஆனால் உங்கள் செயலியில் மைக்கே காணோம்" என்று எழுதுவார்கள். செயலியில் ஒரு கோளாறும் இருக்காது. அந்த ஹெட்செட்டுக்குத் தரமான பாட்டு முறை ஒன்று, மைக்கோடு கூடிய தொலைபேசி முறை ஒன்று என்று இரண்டு உண்டு. பாட்டு முறையில் இருக்கும்வரை மைக் என்ற ஒன்று கணினியின் கண்ணிலேயே படாது. பழைய பல்ஸ்ஆடியோ இருந்த பல கணினிகளில் முறையைக் கையால் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றச் சொன்னால், மைக் வந்துவிடும், கூடவே "இப்போது எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறதே" என்று அடுத்த டிக்கெட் (புகார்ப் பதிவு) வரும்.

செலவு எங்கே போகிறது என்பது இங்கேதான் தெரியும். ஒரு வசதியை எழுதுவது சின்ன வேலை. அது யார் கணினியில், எந்தச் சூழலில் உடைகிறது என்று தேடுவதுதான் பெரிய வேலை. விண்டோஸ்காரர் புகார் கொடுத்தால் பத்தா பதினொன்றா என்று கேட்டால் பாதி முடிந்தது. லினக்ஸ்காரரிடம் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), டெஸ்க்டாப் கினோமா கேடிஇயா, எக்ஸா வேலாண்டா, பல்ஸா பைப்வயரா, செயலியை நிறுவியது டெப் கோப்பா ஸ்னாப்பா ஃபிளாட்பேக்கா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். ஸ்னாப்பில் கேமரா அனுமதி தனியாகக் கொடுக்கப்படாமல் இருந்து, அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மதியம் போயிருக்கும். (நியாயத்துக்குச் சொல்கிறேன்: புகாரோடு லாக் கோப்பை இணைத்து, எந்த வரியில் கோளாறு என்றும் குறித்து அனுப்புவது லினக்ஸ்காரர்கள்தான். எங்கள் டெவலப்பர்களுக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். மேனேஜர்களுக்குத்தான் பிடிக்காது.)

சாவி வைக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சிக்னலைப் புகழ்ந்துவிட்டு இதை மறைப்பது சரியல்ல. 2024-இல் சிக்னல் தன் கணினிச் செயலியில், செய்திக் கிடங்கின் சாவியை இயங்குதளத்தின் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மேக்கில் கீசெயின் என்று ஒன்றுதான், விண்டோஸிலும் ஒன்றுதான். லினக்ஸில் கினோமுக்கு ஒரு பெட்டகம், கேடிஇக்கு க்வாலெட் என்று இன்னொன்று. கினோமிலிருந்து கேடிஇக்கு மாறியவர்கள் சிலருக்குச் செயலி திறக்கவே இல்லை. சாவி பழைய பெட்டகத்தில் மாட்டிக்கொண்டது. மூன்று தளத்துக்கும் ஒரே நாளில் கொடுக்கும் அமைப்புக்கே கதை இது.

வெப் பக்கம்போல் எழுதியதைக் கணினிச் செயலியாக்கும் எலக்ட்ரான் வந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டதே, ஒரே நிரல் எல்லா இடத்திலும் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். பாதி சரி. சன்னலுக்குள் இருக்கும் வசதிகள் இன்று சேர்ந்தே வருவதற்கு அதுதான் காரணம். வெளியே கைநீட்டும் வசதிகளுக்கு அது போதாது என்பதற்கு டீம்ஸே சாட்சி. 2019 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் லினக்ஸுக்கு டீம்ஸ் செயலி விட்டது. அதுவும் எலக்ட்ரான்தான். ஆனால் விண்டோஸில் சகஜமாகிவிட்ட பின்னணி மாற்றும் வசதி அதில் வரவே இல்லை. 2022 இறுதியில் அந்தச் செயலியையே மூடிவிட்டு, பிரவுசர் வழியாக நிறுவிக்கொள்ளும் வடிவத்தைக் கொடுத்தார்கள். புது வசதிகளை லினக்ஸுக்குச் சீக்கிரம் தர இதுதான் வழி என்றார்கள். தனிச் செயலியில் கிடைக்காத பின்னணி மாற்றம் பிரவுசர் வடிவத்தில் கிடைத்தது! மைக்கோடும் கேமராவோடும் திரையோடும் மல்லுக்கட்டும் வேலையைப் பிரவுசர் எழுதுபவர்களே செய்து வைத்திருந்தார்கள்.

இனி, ஆள் குறைவு என்றால் எந்த ஆள் என்பது. பிட்ஜின் என்ற பழைய சாட் செயலி ஞாபகம் இருக்கிறதா? முன்பு கெய்ம் என்ற பெயர். யாஹூ, எம்எஸ்என், ஏஓஎல் எல்லாவற்றையும் ஒரே சன்னலில் கொண்டுவந்தது. பிரவுசிங் சென்டர் காலத்தில் யாஹூவின் அதிகாரபூர்வ லினக்ஸ் மெசஞ்சர் மிகப் பழைய பதிப்போடு நின்றுபோனது; அந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள்தான் நிரப்பினார்கள். யாஹூ அவ்வப்போது தன் சர்வரோடு பேசும் நெறிமுறையை மாற்றி அவர்களை வெளியே தள்ளும், சில நாளில் அவர்கள் மறுபடி உள்ளே வந்துவிடுவார்கள். அந்தப் பிட்ஜினில் 2009-இல் குரல், வீடியோ அழைப்பு வந்தது. லினக்ஸில் வந்தது, விண்டோஸில் வரவில்லை! எழுதியவர்கள் லினக்ஸில் உட்கார்ந்து எழுதினார்கள், அவர்கள் பயன்படுத்திய ஒலி, படத் தொகுப்புகள் லினக்ஸில்தான் பக்குவமாக இருந்தன. உலகத்தின் 90 சதவீதம் விண்டோஸ் பக்கம் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. பயனர் எண்ணிக்கையைவிட, எழுதுபவரின் மேசையில் என்ன கணினி இருக்கிறது என்பதே பல நேரம் தீர்மானிக்கிறது.

டெலிகிராமிலும் இதைப் பார்க்கலாம். அதன் டெஸ்க்டாப் செயலி திறந்த மூலம், லினக்ஸில் அருமையாக ஓடும். ஆனால் ரகசிய உரையாடல் வசதி மேக்குக்கென்று தனியாக எழுதப்பட்ட செயலியில் உண்டு, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவான டெஸ்க்டாப் செயலியில் இல்லை. விண்டோஸ்காரர்களும் லினக்ஸ்காரர்களோடு சேர்ந்தே காத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பின் ஐபேட் தாமதம் இன்னொரு ரகம். அங்கே அடிப்படை அமைப்பே தடை. ஒரு கணக்கு, ஒரு போன் என்று கட்டியிருந்தார்கள். 2015-இல் வந்த வாட்ஸ்அப் வெப்கூட போனில் இருப்பதைத்தான் காட்டியது. போனில் சார்ஜ் போனால் அதுவும் போச்சு. 2021-இல் பல கருவி ஏற்பாடு வந்தபிறகுதான் மற்ற கருவிகள் சொந்தக் காலில் நிற்க முடிந்தது. அப்படி ஒரு மூடிய ஏற்பாட்டில், வெளியாள் செயலி எழுதி இடைவெளியை நிரப்பவும் வழியில்லை. லினக்ஸுக்கு வாட்ஸ்அப் என்று செயலிக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் வாட்ஸ்அப் வெப்பை ஒரு சன்னலுக்குள் வைத்துக் கட்டியவைதான். வெப்பில் இல்லாத வசதி அவற்றிலும் இருக்காது, அதற்காகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, உங்கள் உபுண்டுவில் இப்போதைக்கு என்ன செய்யலாம்? மீட்டிங் இருந்தால் தனிச் செயலியைத் தேடாமல் குரோமிலோ எட்ஜிலோ திறந்து, அங்கிருந்தே செயலியாக நிறுவிக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் கணினி பற்றிய பக்கத்தில் நீங்கள் எக்ஸில் இருக்கிறீர்களா வேலாண்டிலா என்று போட்டிருக்கும். புகார் எழுதும்போது அதையும், செயலி ஸ்னாப்பா டெப்பா என்பதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். டிக்கெட் திரும்பி வருவது பாதியாகக் குறையும். தமிழ் தட்டச்சு செய்பவர் என்றால் இன்னொன்று: வேலாண்டில் நேரடியாக ஓடும் சில பழைய எலக்ட்ரான் செயலிகளில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை எடுக்காது, ஆங்கில எழுத்தே விழும். அந்தச் செயலியை மட்டும் எக்ஸ் முறையில் ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தமிழ் வந்துவிடும்.