வண்டியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையில் பதினான்கு ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறேன். சாலையை அழகுபடுத்தப் போவதால் ஒரு வாரத்தில் வண்டியை எடுக்க வேண்டுமாம். 5,000 ரூபாய் கொடுத்தால் மாநகராட்சியின் வியாபாரி அட்டை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா, ஒரு ரூபாய்கூட. சென்ற மாதம் ஒரு பூக்காரம்மா என் மேசையில் பளபளவென்று லேமினேட் செய்த அட்டை ஒன்றை வைத்தார். படம் இருந்தது, முத்திரை இருந்தது. பதிவு எண்ணும் இல்லை, அதிகாரியின் கையெழுத்தும் இல்லை. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய அட்டை அது. மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் என்றால் ரசீது உண்டு. ரசீது தராதவரிடம் ஆதார் நகலையோ வெற்றுத்தாளில் கையெழுத்தையோ கொடுத்துவிடாதீர்கள். சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடனை உங்கள் பெயரில் வாங்கப் பார்க்கலாம். அந்தக் கடனுக்குப் பிணை தேவையில்லை, தரகரும் தேவையில்லை.

இனி வண்டி விஷயம். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. கணக்கெடுப்பில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தாலும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வாய்ச்சொல்லாக ஒரு வாரம் என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது, உங்களுக்கு அதுதான் முக்கியம். ரயில்வேக்குச் சொந்தமான நிலத்தில் இந்தச் சட்டம் செல்லாது. ஆகவே வண்டி எந்த நிலத்தில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். இதுவரை அபராதம் போட்டது யார்? ரசீதில் ரயில்வே பெயர் இருந்தால் அது அவர்கள் நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். மாநகராட்சி என்றிருந்தால் நிம்மதி. நிலைய வளாகத்துக்குள் இருந்தால் இந்தச் சட்டத்தைச் சொல்லி வாதாட முடியாது. பத்தடி தள்ளி மாநகராட்சிச் சாலைக்கு வந்துவிட்டால் வாதாடலாம். சந்தேகம் இருந்தால் மாநகராட்சியிலேயே எழுத்தில் கேளுங்கள்.

இதையெல்லாம் கவனிக்கத்தான் நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்கவும் வேண்டும். எத்தனை ஊர்களில் இந்தக் குழு ஒழுங்காகக் கூடுகிறது? நகரத் திட்டம் என்றால் கிரானைட் நடைபாதையும் கார் நிறுத்துமிடமும்தான் வரைபடத்தில் முதலில் வருகின்றன. விடியற்காலையில் கட்டட வேலைக்குப் போகிறவர் எங்கே மலிவாகச் சாப்பிடுவார் என்று அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் யோசிப்பதே இல்லை. உங்கள் வண்டியும் நகரப் பொருளாதாரம்தான் அம்மா. அதைத் தூக்கிவிட்டுச் செடி வைப்பதற்குப் பெயர் வளர்ச்சியா?

மாநகராட்சி ஆணையருக்கு வெள்ளைத்தாளில் தமிழிலேயே மனு எழுதி, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பொருளைப் பறிமுதல் செய்ய வந்தால் பட்டியல் கேளுங்கள். உரிமை கோரினால் மாவும் சட்னியும் அன்றைக்கே திரும்ப வேண்டும், அழுகாத பொருள்கள் இரண்டு வேலை நாட்களுக்குள். மனுவோடு பழைய அபராத ரசீதுகளின் நகலை இணைத்துவிடுங்கள். அரிசி டின்னுக்கு அடியில் கசங்கிக் கிடந்தாலும் தேடி எடுங்கள். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் அங்கேதான் விற்றீர்கள் என்பதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி அவை.