ஜன்னல் திட்டில் ஒரு தம்ளர்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். நானும் கணவரும் ஆசிரியர்கள். மகள் பத்தாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் தவறுவதில்லை. ஆனாலும் அன்றாடம் எடுக்க வேண்டிய சின்னச் சின்ன முடிவுகளில் தேவனைக் கனப்படுத்துகிறோமா என்று குழப்பமாகவே இருக்கிறது. மகளின் கணக்கு டியூஷனை ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டார்கள். அனுப்பலாமா? சரஸ்வதி பூஜைக்குப் பள்ளியில் கொடுத்த பொரியை மகன் தின்றுவிட்டு வந்தான். மாமியார் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். அவனுடைய வகுப்பு ஆசிரியை நல்லவர். ‘உங்கள் பையன் ஓயாமல் கேள்வி கேட்கிறான்’ என்றார். வீட்டிலும் அப்படித்தான். போன வாரம், வேலைக்கு வருகிறவளின் தம்ளர் மட்டும் ஏன் ஜன்னல் திட்டில் இருக்கிறது என்று கேட்டான். அவளும் எங்கள் சபைதான். இருபது வருடமாக வருகிறாள், என் அம்மா வயது. சுத்தத்துக்காக அப்படி என்று சொல்லிச் சமாளித்தேன். இப்படி எல்லாவற்றுக்கும் பிள்ளைகளுக்கு எப்படிப் பதில் சொல்வது? எங்கள் ஆயரம்மா அவர்கள்தான் உங்களுக்கு எழுதச் சொன்னார்கள்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

டியூஷனை மாலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதை மகளையே செய்யவிடுங்கள். மறுத்தால் வேறு ஆசிரியர் கிடைக்காத ஊரல்ல பாளையங்கோட்டை. பொரி விஷயத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களை மாமியாரோடு உட்கார்ந்து வாசியுங்கள். விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தின்னலாமா என்று அங்கே அவர் இதைவிடச் சிக்கலான வழக்கையே பேசி முடித்துவிட்டார். எட்டு வயதுப் பையன் நண்பர்களோடு ஒரு பிடி பொரி தின்றதற்குக் கலங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தம்ளர்தான். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மகன் அப்படிக் கேட்கவில்லை.

கடிதத்தை எடுத்து ஒருமுறை திரும்பப் படியுங்கள். வகுப்பு ஆசிரியை ‘அவர்’. ஆயரம்மா ‘அவர்கள்’. உங்கள் அம்மா வயதுள்ள, உங்கள் சபையைச் சேர்ந்த பெண் ‘அவள்’. வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டீர்கள். கை தானாக எழுதியிருக்கிறது. யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு உண்டு. சபைக்குள் வருகிற பணக்காரனிடம், “நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்” என்கிறார்கள். ஏழையிடம், “நீ அங்கே நில்லு”. கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். அந்த மொழியில் நீ, நீர் என்ற பேதம் கிடையாது. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது. யாக்கோபு கண்டித்த குற்றத்தை விகுதியிலேயே வைத்துவிட்டார்கள்.

சுத்தத்துக்காக என்று மகனிடம் சொன்னீர்கள். அவன் இன்னும் இரண்டு நாள் யோசித்தால் அடுத்த கேள்வியைக் கேட்பான்: நம் வீட்டுத் தம்ளர்கள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவது யார்?

இது புதிய சமாளிப்பும் இல்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் நம் முன்னோர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். இது மதமல்ல, உலக வழக்கம், ஆசாரம், துப்புரவு என்றார்கள். இன்றும் நாம் ஆலயத்தில் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் அந்தப் பக்கம்தான் நின்றார். அவ்வளவு பெரிய கவிஞருக்கும் அது தெரியவில்லை என்பது எனக்கு இன்றும் தீராத வருத்தம்.

உங்கள் மாவட்டத்திலேயே வடக்கன்குளம் இருக்கிறது. 1872இல் அங்கே கட்டி முடித்த கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை வடிவத்தில் இருந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு, நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார் முதலானோர். 1910இல் பங்குக் குருவாக இருந்த கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றதும் அதே ஊரில்தான். சாதி பாராமல் எல்லாரோடும் உண்டு பழகியவர் என்று சொல்லப்படுகிற அவருக்கு 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, வத்திக்கான் பெயரின் பின்னாலிருந்த சாதிப்பட்டத்தை எடுத்துவிட்டே கொடுத்தது. அது கத்தோலிக்கர் கதை, நாம் தென்னிந்தியத் திருச்சபை, சி.எஸ்.ஐ. என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். வடக்கன்குளத்தார் சுவராகக் கட்டியதை நாம் ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறோம்.

‘நாம்’ என்று எழுதுவது மரியாதைக்காக அல்ல. சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் அது சிரட்டையாக இருந்தது. சுரண்டி வழுவழுப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டை, மாட்டுத்தொழுவத்தின் ஓலைக்கூரையில் செருகியிருக்கும். நெல் அவிக்க வருகிற அம்மாள் அதை எடுத்துக் கழுவி இரண்டு கைகளிலும் ஏந்தி நிற்பார். ஆச்சி கருப்பட்டிக் காபியை மேலிருந்து ஊற்றுவாள். சொட்டுக் கூடச் சிந்தாது. ஆச்சி பூதக்கண்ணாடி வைத்து வேதம் வாசிப்பவள். தசமபாகத்தை வீட்டுச் செலவுக்கு முன்னால் எடுத்து வைப்பவள். ஒருநாள் காபி ஊற்றுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். எனக்கு ஒன்பது வயது இருக்கும். செம்பின் மூக்குக்கும் சிரட்டைக்கும் நடுவே ஒரு சாண் இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் சரியாக ஒரு சாண் விட்டுத்தான் ஊற்றினேன். அந்த அம்மாள், “ராசா நல்லா ஊத்துதாரு” என்றார். எனக்கு ‘தாரு’. அவருக்கு அறுபது வயது.

ஆச்சி எனக்கு மனப்பாடம் செய்வித்த சங்கீதங்களில் பாதி மறந்துவிட்டது. அந்த ஒரு சாண் இன்னும் கையில் இருக்கிறது. “வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்” பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிறது உபாகமம். போதிக்க வேண்டும் என்று நினைக்காத நேரத்திலும் அடுக்களையில் போதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. எட்டு மணி ஜெபத்தில் உங்கள் மகன் பாதித் தூக்கத்தில் இருப்பான். காலை ஏழு மணிக் காபிக்கு நன்றாக விழித்திருக்கிறான்.

உங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரமா, சிறு கோப்பைகளா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே பாத்திரம் என்றால், உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் வாய் வைத்த பாத்திரத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நீங்களும் குடித்திருப்பீர்கள்.

என்ன செய்வது என்றால், பெரிதாக எதுவும் வேண்டாம். புதுத் தம்ளர் வாங்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, சாட்சி சொல்லி அவரைக் கூச்சப்பட வைக்காதீர்கள். அந்தத் தம்ளரைக் கழுவி மற்றவற்றோடு அலமாரியில் கவிழ்த்துவையுங்கள். மறுநாள் கைக்கு அகப்படுகிற தம்ளரில் காபி கொடுங்கள். அவர் வாங்கத் தயங்கலாம். ‘எனக்கு அந்தத் தம்ளரே போதும்’ என்று திட்டைத் தேடலாம். இருபது வருடப் பழக்கம் அது. கோபித்துக்கொள்ளாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். மறுநாளும் அப்படியே கொடுங்கள். மாமியார் ஏதாவது சொல்வார். அதை அந்தப் பெண் காதில் விழாமல் நீங்களும் கணவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் தலையில் மட்டும் போட்டுவிட்டுக் கணவர் செய்தித்தாள் படிக்கக் கூடாது.

மகன் மறுபடி கேட்பான். அன்றைக்குச் சுத்தத்துக்காக என்று சொன்னது பொய் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். வேலைக்கு வருகிறவரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டால், ஆச்சி என்று கூப்பிடட்டும்.

அன்புடன்.