எதிர்க்காற்றில் பழகினால் மலை ஏறலாம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஸ்டெல்வியோ கணவாயில் சைக்கிளில் ஏற வேண்டும் என்று ஆசை. ஆனால் எங்கள் பக்கம் ஆற்றுப் பாலத்தைத் தவிர மேடு என்று எதுவும் கிடையாது. மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு எப்படிப் பழகுவது?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

ஆசையை விட்டுவிடாதீர்கள், தம்பி. இத்தாலியின் வட எல்லையோரம் இருக்கும் ஸ்டெல்வியோவின் உயரம் 2,757 மீட்டர். பிராத்தோ என்ற ஊரிலிருந்து புறப்பட்டால் 24 கி.மீ. தூரம், 1,800 மீட்டர் ஏற்றம், 48 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்து வளைவில் 48 என்று எண் போட்டிருக்கும். ஏற ஏறக் குறைந்து, உச்சிக்குக் கிட்டத்தில் 1 வரும். 1820களில் ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ தொனேகானி என்ற பொறியாளர் போட்ட சாலை இது. குதிரை வண்டி ஏற வேண்டும் என்று போட்டதால் பெரும்பாலும் 100 மீட்டருக்கு 7, 8 மீட்டர் என்ற அளவிலேயே உயரும். முரட்டு பலத்தை அது கேட்பதில்லை. மூன்று மணி நேரம் விடாமல் மிதிக்கும் பொறுமையைத்தான் கேட்கிறது.

அந்தப் பொறுமையைப் பழக நமக்கு ஆடிக்காற்று இருக்கிறது. திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்கு, மேற்கு நோக்கி, ஆடி மாதத்தில் மிதித்துப் பாருங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்று எதிரே வீச, நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் போனால், உங்களைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஏறக்குறைய 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் சாலைக்குச் சமம். குனிந்து காற்றை ஏமாற்றாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே சீராக மிதியுங்கள். நான் பழகியது இந்தக் காவிரிக்கரையில்தான்.

கியர் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியதும் 34 பல் இருக்கட்டும். ஒரு மிதிக்கு ஒரு சுற்று, அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம் நகர்வீர்கள். நிமிடத்துக்கு அறுபது மிதிக்குச் சற்று மேலே போனால் மணிக்கு 8 கி.மீ. வந்துவிடும். ஸ்டெல்வியோவுக்கு அது போதும்.

ஏற்றத்தை இப்படி நம் ஊரிலேயே பழகிவிடலாம். இறக்கத்தைப் பழக மலைக்குத்தான் போயாக வேண்டும். அடுத்த கடிதம் அதைப் பற்றியது.

என் மகன் நண்பர்களோடு கொல்லிமலைக்குச் சைக்கிளில் போகிறேன் என்கிறான். 70 வளைவு என்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– இல்லத்தரசி, பாபநாசம்

அனுப்புங்கள், அம்மா. ஆனால் ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்குவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஏறும்போது முடியாமல் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், ஓர் ஆபத்தும் இல்லை. இறங்கும்போது அப்படி இல்லை.

நம் பிள்ளைகள் சமதளத்தில் ஓட்டிப் பழகியவர்கள். பிரேக் என்றாலே பின் பிரேக்கைத்தான் பிடிப்பார்கள். சரிவில் உடல் எடை முன்பக்கம் சாய்வதால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இரண்டையும் சேர்த்து, திடீரென்று அல்லாமல் படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நுழைந்த பிறகு பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், கண் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் பள்ளத்தை நோக்கித்தான் போகும்.

பயந்தவர்கள் செய்யும் காரியம், மேலிருந்து கீழ்வரை பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது. பாதுகாப்பு என்று தோன்றும்; உண்மையில் அதுதான் ஆபத்து. ரப்பர் கட்டை ரிம்மை அழுத்தும் பிரேக்கானால் உரசலில் எழும் சூடு முழுவதும் ரிம்மில் இறங்கி, டியூப் வெடிக்கவும் செய்யும். சில வளைவுகளுக்கு ஒரு முறை அகலமான இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். ரிம்மைத் தொட வேண்டாம், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அனல் தெரியும். பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்துவிடும். கருகிய ரப்பர் வாடை வந்தால், வாடை போகும்வரை கிளம்பக் கூடாது.

கொல்லிமலை வளைவுகள் நெருக்கமானவை. மேலே ஏறி வரும் பஸ் திரும்புவதற்குச் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதற்கு வழிவிட்டு ஓரமாக நின்றுவிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. முதல் பயணத்துக்குச் சேலத்திலிருந்து ஏற்காடு போகும் 20 வளைவுச் சாலையை எடுத்துக்கொண்டால் எனக்கு இன்னும் நிம்மதி. மழை நாளில் வேண்டவே வேண்டாம்.

நானும் மனைவியும் ஓரளவு சைக்கிள் ஓட்டுவோம். மலை ஏற மாட்டோம், ஏரியைச் சுற்றி வர ஆசை. எந்த ஏரி?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

போடன்சே. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகளும் தொடும் ஏரி. சுற்றி வர 260 கி.மீ. போல இருக்கும், பாதை பெரும்பாலும் சமதளம். கால் ஓய்ந்தால் மேர்ஸ்பூர்க்கிலிருந்து கான்ஸ்டான்ஸுக்குப் படகில் சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம்.

நான் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஆல்ப்ஸில் பிறக்கும் ரைன் நதி, ஆஸ்திரியக் கரையில் இந்த ஏரிக்குள் விழுகிறது. அங்கே ஒரு டெல்டா இருக்கிறது. வண்டல் சேர்ந்து கரையோர விரிகுடாக்கள் தூர்ந்துவிடாமல் இருக்க, ஆற்றின் இரு கரைகளையும் ஏரிக்குள் வெகுதூரம் நீட்டிக் கட்டி, வண்டலை ஆழத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். கொள்ளிடக்கரையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கரையில் நின்று பார்க்க நிறைய இருக்கிறது.

அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஆகவே மகாமகக் குளத்தை வலம் வருவதுபோல ஏரியையும் வலமாகவே சுற்றுங்கள். தண்ணீர் உங்கள் வலக்கைப் பக்கமே இருக்கும், குறுக்கே எதிர்வண்டி வராது. கோமோ, ஜெனீவா என்று எந்த ஏரிக்குப் போனாலும் இதே முறைதான்.

ஜூலையில் ஆல்ப்ஸுக்குப் போகிறோம். கோடைகாலம்தானே, கம்பளி தேவையா?
– வாசகி, திருவாரூர்

தேவை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். அதைவிட, வியர்த்த சட்டையோடு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கும்போதுதான் குளிர் எலும்பில் ஏறும். விரல் விறைத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கியும் முழுவிரல் கையுறையும் அவசியம். அவசரத்துக்குப் பழைய பந்தய வீரர்களின் வழி இருக்கிறது: உச்சியில் ஒரு செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சின்மேல் வைத்துக்கொள்வார்கள். நானும் செய்திருக்கிறேன். கீழே வந்து எடுத்தால் தாள் நனைந்து மை வயிற்றில் பதிந்திருக்கும், ஆனால் நெஞ்சு கதகதப்பாக இருக்கும்.

உயர்ந்த கணவாய்கள் பனியால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய நல்ல காலம்.

எனக்கு அறுபது வயது. மூட்டுவலி உண்டு. எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகப்பட்டினம்

கட்டாயம் இருக்கிறது, அம்மா. முதலில் மூட்டு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அங்கே வாடகைக்குக் கிடைக்கும் மின்சார சைக்கிளை எடுங்கள். ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கி.மீ. வரைதான் மோட்டார் உதவும், நீங்கள் மிதித்தால்தான் ஓடும்; அதனால் பயப்பட வேண்டாம். பிரான்சில் அன்னெசி ஏரியைச் சுற்ற 40 கி.மீ. போலத்தான். மேற்குக் கரையில் பழைய ரயில் பாதையையே சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள், ரயில் போன பாதை என்பதால் மேடு மிகக் குறைவு. சீட்டைச் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்கியிருந்தால் வலி குறையும். அதை நாகையிலேயே, உங்கள் தெரு சைக்கிள் கடையில், இன்றைக்கே சரிசெய்து ஓட்டிப் பாருங்கள்.