வாசகர் கேள்வி–பதில்: ஒதுக்கப்பட்டவன் எப்போது பயமுறுத்துகிறான்?

கேள்வி: ஊரே ஒதுக்கிவைத்த ஒருவன் பழிவாங்கக் கிளம்புவதாக ஒரு திகில் கதை எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் "பாவம்" என்கிறார்கள். பயமாக இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்கே தவறியிருப்பேன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் உங்கள் ஊர் அவனை முதல் பக்கத்திலேயே மொத்தமாக வெறுத்திருக்கும். அதற்குப் பிறகு அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை, வாசகருக்கும் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அன்பு கைக்கெட்டும் தூரம்வரை வந்து, பிறகு பறிபோக வேண்டும். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலை, புறக்கணிப்பு எந்த வரிசையில் வருகிறது என்பதை மட்டும் கவனித்து ஒருமுறை படியுங்கள்.

நாவலின் விஞ்ஞானி விக்டர் உயிர்கொடுத்த எட்டடி உருவம், முதல் இரவிலேயே அவருடைய படுக்கைத் திரையை விலக்கிக் கையை நீட்டுகிறான். விக்டர் ஓடிவிடுகிறார். அடுத்து ஒரு கிராமம் கல்லெறிகிறது. அதை ஷெல்லி சில வரிகளில் முடித்துவிடுகிறார். முன்பின் தெரியாதவர்களின் கல் உடம்பில்தான் படும்.

ஒரு குடிசையில் வாழும் ஏழை டி லாசி குடும்பத்துக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடம் தருகிறார். அவர்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியே பார்த்துப் பார்த்தே அவன் பேசக் கற்கிறான். முதலில் அவர்கள் உணவைத் திருடுகிறான். அவர்களே அரைவயிற்றுக்காரர்கள் என்று புரிந்ததும் அதை விட்டுவிட்டு, காட்டுப் பழமும் கிழங்கும் தின்கிறான். இரவில் விறகு கொண்டுவந்து போடுகிறான், பாதையில் கிடக்கும் பனியை அகற்றுகிறான். மாதக்கணக்கில் இப்படி இருந்த பிறகு, மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து, பார்வையற்ற பெரியவரிடம் பேசப்போகிறான். முகம் தெரியாததால் அவர் பரிவாகவே பேசுகிறார். அவர் கையைப் பற்றிக் காப்பாற்றும்படி அவன் கெஞ்சும்போது மற்றவர்கள் திரும்பிவிடுகிறார்கள். பெரியவரின் மகள் அகதா மயங்கி விழுகிறாள், மகனின் காதலி ஸாஃபி ஓடுகிறாள், மகன் ஃபெலிக்ஸ் தடியால் விளாசுகிறான். ஃபெலிக்ஸைப் பிய்த்தெறியும் பலம் அவனுக்கு உண்டு. ஆனாலும் அடி வாங்கிக்கொண்டு வெளியேறுகிறான். வாசகருக்குப் பயம் பிடிப்பது இங்கேதான். அவன் கையைக் கட்டிப்போட்டிருந்த ஒரே பாசமும் இப்போது போய்விட்டது.

ஃபெலிக்ஸ் கெட்டவன் அல்ல என்பதையும் பாருங்கள். பாரிஸில் அநியாயமாக மரணதண்டனை பெற்ற ஸாஃபியின் தந்தையைத் தப்பவைத்து, அதனால் சொத்தையெல்லாம் இழந்தவன் அவன். அப்படிப்பட்டவனே அடிக்கிறான். உங்கள் கதையில் ஒதுக்குகிறவர்கள் எல்லோரும் கல்மனசுக்காரர்களாக இருந்தால் முதலில் மாற்றவேண்டியது அதைத்தான்.

இன்னொன்று, மறுக்கப்பட மறுக்கப்பட அவன் கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. முதலில் படைத்தவரின் அன்பு, பிறகு ஒரு குடும்பம், பிறகு வெறுக்கப் பழகாத ஒரு சிறுவன், கடைசியில் தன்னைப்போலவே உருவம் கொண்ட ஒரு துணை. அந்தத் துணையையும் விக்டர் பாதி செய்த நிலையில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிதைத்துவிடுகிறார். சிறுகதைக்கு மூன்று மறுப்புகள் போதும். நான்கைத் தாண்டினால் புலம்பலாகிவிடும்.

கேள்வி: படங்களில் அந்த உருவம் சரியாகப் பேசுவதே இல்லையே, நாவலிலும் அப்படித்தானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. 1831 பதிப்பில் மொத்தம் 24 அத்தியாயங்கள். அவற்றில் 11 முதல் 16 வரை அவனே தன் கதையைச் சொல்கிறான், அதுவும் ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்தவனாக. 1823-இல் லண்டனில் வந்த நாடகமே அவனை ஊமையாக்கிவிட்டது. 1931 படத்தில் ஒரு குற்றவாளியின் மூளையைப் பொருத்திவிடுகிறார்கள். அன்பு கிடைக்காததால் கெட்டான் என்று நாவல் சொன்னதை, பிறப்பிலேயே கோளாறு என்று படம் மாற்றிவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

கேள்வி: கொலைகாரனுக்கு இவ்வளவு இரக்கம் காட்டினால் கொலையை நியாயப்படுத்துவதாகாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: செத்தவர்களுக்குக் கதையில் இடம் கொடுக்காவிட்டால் ஆகும். விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியமைக் கொன்றபின், தூங்கிக்கொண்டிருந்த வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டினின் உடைக்குள், சிறுவன் கழுத்திலிருந்த படத்தை வைத்துவிடுகிறான் கொலைகாரன். பழி அவள்மேல் விழுந்து தூக்கில் சாகிறாள். அவனுக்கு அவள் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஷெல்லி அவளுடைய விசாரணையையும் கடைசி நேரத்தையும் எட்டாம் அத்தியாயம் முழுக்க எழுதுகிறார். அவனுடைய துயரக் கதை 11-இல்தான் தொடங்குகிறது. அதாவது, ஜஸ்டினுக்காக அழுத பிறகே அவன் பக்க நியாயத்தைக் கேட்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப்போட்டு அவன் துயரத்தை முதலில் சொல்லியிருந்தால், ஜஸ்டின் வெறும் கணக்குக்கு ஒரு பலியாகியிருப்பாள். எழுதும்போது முதலில் பலியானவரின் வீட்டுக்குள் போங்கள். கொலைகாரனின் கடந்தகாலம் அதற்கப்புறம் வரட்டும்.